கப்பல் விருந்துக்கு எதைக் கட்டுவது?

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. நமக்குப் பழகிய படகு ஒகேனக்கல் பரிசல்தான். அதில் ஏறுகிறவர் யாரும் உடையைப் பற்றி யோசிப்பதில்லை, நனையத்தானே போகிறோம். 2022 ஜூன் 4 அன்று கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மொரப்பூரில் ரயிலேறி, சென்னையில் கப்பலேறி, நடுக்கடலில் குடும்பத்தோடு சாப்பிடலாம் என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள்ளும் அதன்பிறகு வந்துவிட்டது. பணம் கட்டிய அன்றே மாமியார் மருமகளிடம் கேட்பார்: “ஏம்மா, ராத்திரி சாப்பாட்டுக்கு அங்க என்னத்தக் கட்டிக்கிட்டுப் போறது?”

இதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டால் கோட்டும் கவுனும் வாங்கக் கடைக்கு ஓடத் தோன்றும். வேண்டாம். அந்த மேசைக்குத் தகுந்தது ஏற்கெனவே நம் பீரோவில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கவும், கட்டியபின் ரசிக்கவும் தெரிந்துகொண்டால் போதும்.

கப்பலில் இரவு உணவுக்கு உடுத்திக்கொண்டு வரும் பழக்கம், அட்லாண்டிக் கடலைக் கடந்த பயணிகள் கப்பல்களின் காலத்தது. பல நாள் போக்கிடம் இல்லாத இடத்தில், மாலையில் குளித்து, நல்லதாக ஒன்றை உடுத்தி, எல்லாரும் ஒரே கூடத்தில் கூடுவதுதான் அன்றைய பெரிய நிகழ்ச்சி. அந்தக் காலத்திலும் முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் விலக்கு இருந்தது. முதல் நாள் பெட்டியைப் பிரித்திருக்க மாட்டார்கள், கடைசி நாள் கட்டி முடித்திருப்பார்கள். க்யூனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் முறையான உடை கேட்கும் ‘காலா’ இரவுகள் இன்றும் உண்டு. நார்வேஜியன் நிறுவனமோ 2000ஆம் ஆண்டிலேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லி உடைக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. இப்போது பெரும்பாலான கப்பல்களின் பெரிய உணவுக்கூடத்தில் கேட்பது இவ்வளவுதான்: நீச்சல் உடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு வேண்டாம். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தால், சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எப்படிப் போவோமோ அப்படிப் போனால் சரியாக இருக்கும்.

இனி பட்டுக்கு வருவோம். பட்டை ரசிக்கக் கற்றுக்கொள்ளத் தருமபுரிக்காரர்கள் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியதில்லை. நகரில் இருக்கும் அரசு பட்டுக்கூடு ஏல அங்காடிக்கு ஒரு காலையில் போய்வாருங்கள். விவசாயிகள் கொண்டுவந்த வெண்கூடுகள் ஏலத்துக்குக் குவிந்து கிடக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கிக் காதருகே குலுக்குங்கள், உள்ளே கூட்டுப்புழு தட்டும் சத்தம் கேட்கும். மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, சுமார் 25 நாளில் பழுத்த புழு, அடுத்த இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வீடு அது. நல்ல வெண்கூடு ஒன்றில் ஏறத்தாழ 1,000 மீட்டர் இழை அறுபடாமல் ஓடும். அந்த இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமாக இருக்காது, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். விழுகிற ஒளியை அது பல பக்கமும் திருப்பி அனுப்புகிறது. பட்டின் மினுமினுப்பு சாயத்தாலோ ஜரிகையாலோ மட்டும் வருவதல்ல, பெரும்பங்கு இழையின் வடிவத்திலேயே இருக்கிறது.

இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், கப்பலுக்கு எந்தச் சேலை என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் குழல்விளக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிச்சம் பரப்பும். அதில் பட்டு தட்டையாகத்தான் தெரியும். உணவுக்கூடங்களில் பெரும்பாலும் சிறுசிறு விளக்குகள், மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். அங்கே உட்கார்ந்தவர் கையை நீட்டினால் போதும், மடிப்பு மடிப்பாகப் பட்டு உயிர்பெறும். அந்த வெளிச்சத்தில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் தூக்கலாகத் தெரியும், கருநீலமும் ஊதாவும் மங்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவில் குழல்விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டு, அதனடியில் சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பகலில் நீங்கள் ஒதுக்கிவைத்த ஒன்று முன்னால் வரக்கூடும்.

எனக்குப் பிடித்தது மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம் என்று நெய்த சேலை அது. நேராகப் பார்த்தால் நீலம் போலிருக்கும், சற்றுச் சாய்ந்தால் பச்சை எட்டிப்பார்க்கும். விருந்துக்கு அரைமணி முன்னதாகவே தயாராகி, வெயில் சாயும் நேரத்தில் மேல்தளத்துக்குப் போங்கள். கிடைமட்டமாக வரும் அந்த ஒளியில் முந்தானையை ஒருமுறை பாருங்கள், பிறகு உள்ளே மேசையில் அமர்ந்தபின் இன்னொருமுறை. இரண்டும் ஒரே சேலைதானா என்று கேட்கத் தோன்றும். கட்டியிருப்பவரைவிட எதிரே உட்கார்ந்திருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் கல்யாணப் பட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கோர்வை போட்டு நெய்த கனத்த காஞ்சிபுரத்தின் அழகு உட்கார்ந்திருக்கும்போது துலங்குவது. கப்பலிலோ படிக்கட்டு, நீண்ட நடைவழி, மேல்தளக் காற்று என்று நடந்துகொண்டே இருப்போம். தவிர, அசல் ஜரிகை என்பது பட்டிழையில் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்கமுலாம் பூசியது. உப்புக் காற்றின் ஈரமும், மேலே அடித்துக்கொள்ளும் சென்டும் அதைக் கறுக்கவைக்கும். எடை குறைந்த ஆரணிப் பட்டு, குறுகிய கரை, அளவான ஜரிகை, இதுவே என் பரிந்துரை. உணவுக்கூடத்து ஏசிக்கும் பட்டு இதமாக இருக்கும். தீ அபாயம் கருதிப் பெரும்பாலான கப்பல்களில் பயணிகள் இஸ்திரிப்பெட்டி கொண்டுவர விடுவதில்லை. கஞ்சி போட்ட பருத்தி பெட்டியிலிருந்து கசங்கி வெளியே வரும். மெல்லிய பட்டை முந்தைய இரவே ஹேங்கரில் தொங்கவிட்டால் மடிப்பு பெருமளவு இறங்கிவிடும்.

ஆண்கள் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் தாத்தாக்களும் அப்பாக்களும் அந்த மேசைக்கு வேட்டியில் வரவேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன், கிரிக்கெட் சங்கத்தின் மன்ற வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே, வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விட மறுக்கும் மன்றங்களுக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேறியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. அந்த வேட்டியைக் கப்பல் விருந்தில் தயங்கித் தயங்கிக் கட்டுவானேன்? பக்கத்துச் சேலத்தின் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்த வேட்டியும் வெளிர்நிறச் சட்டையும் எந்தக் கோட்டுக்கும் குறைந்ததல்ல. முறையான உடை கேட்கும் இரவுகளிலும் அவரவர் நாட்டு மரபுடையைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இருந்தாலும் முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவருக்குத் தளம் ஆடும்போது வேட்டி நழுவுமோ என்ற பயம் இருந்தால் ஒட்டும் பட்டை வைத்த வேட்டியும் பெல்ட்டும் போதும்.

பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை என்றால் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும், படியேறுவாள். பையன்களுக்குச் சட்டையும் பேண்ட்டும் போதும்.

விருந்தில் ரசிப்பதற்கு நம் உடை மட்டுமா இருக்கிறது? சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் தெலங்கானாக் குடும்பமும் குஜராத்திக் குடும்பமும் அடுத்தடுத்த மேசையில் இருக்கலாம். தெலங்கானாவின் போச்சம்பள்ளிச் சேலையில் உருவங்களின் விளிம்பு கூர்மையாக இராது, லேசாகக் கலங்கினாற்போல் இருக்கும். நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்ப்பதால் வரும் அடையாளம் அது. குஜராத்தின் பாந்தணியில் நெய்த துணியைப் புள்ளி புள்ளியாக முடிந்து சாயமேற்றுவார்கள், அதனால் ஒவ்வொரு புள்ளியும் சின்ன வளையமாக நிற்கும். சாப்பாடு வரும்வரை இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். “உங்க சேலை எந்த ஊர்ங்க?” என்று பக்கத்து மேசையில் கேளுங்கள். பதிலுக்கு அவர்களும் கேட்பார்கள். பட்டுக்கூடு ஏலம் போகும் ஊரிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் பெட்டி விஷயம். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். முதல் இரவுக்கான உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அது எளிய பருத்தியாகவோ சுடிதாராகவோ இருக்கட்டும். மூன்று நான்கு இரவுப் பயணமென்றால் நடுவில் வரும் இரவு பட்டுக்கு. இரண்டே இரவு என்றால் இரண்டாவது இரவில் கட்டுங்கள், ஆனால் பெரிய பெட்டிகளை இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள் என்பதால் சேலைக்குக் கைப்பையில் இடம் விடுங்கள். அறைக்குத் திரும்பியதும் சேலையை உடனே மடிக்காமல் ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, ஜரிகை உள்பக்கம் போகும்படி மடித்து, பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வைத்தால் உப்புக் காற்று அண்டாமல் ஊர் வந்து சேரும்.