ஒன்று போதும் சான்ட்ராவுக்கு!

வட்டு எறிதலில் யாரைப் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். குரோஷியாவின் சான்ட்ரா பெர்கோவிச்! இரண்டு ஒலிம்பிக் தங்கம், இரண்டு உலக சாம்பியன் பட்டம், ஏழு ஐரோப்பிய சாம்பியன் பட்டம். தடகளத்தில் ஒரே பிரிவில் ஏழு முறை ஐரோப்பாவை வென்ற முதல் ஆள் இவர்தான். ஆண்களிலும் அப்படி யாரும் கிடையாது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இந்தப் பட்டியல் அல்ல, 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்று. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வீச்சு ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல்! மூன்றாவதும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் எட்டுப் பேருக்குத்தான் மேற்கொண்டு மூன்று வாய்ப்பு. முந்தைய நாள் தகுதிச் சுற்றிலும் இதே கூத்து. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் பத்திரமாக ஒன்றை எறிந்து தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். சான்ட்ரா அப்படியா? இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள், எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது பாதத்தை ஊன்றிப் பம்பரம்போல் ஒன்றரைச் சுற்று. கால்கள் முந்த, இடுப்பு தொடர, வலது கை கடைசியில் வந்தது. ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு ஒரு கிலோ வட்டு பறந்தது. 69.21 மீட்டர்! நான் நாற்காலியில் இல்லை. அடுத்த மூன்றும் ஃபவுல். அதனால் என்ன? செல்லுபடியான அந்த ஒரே வீச்சுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் பின்னால்தான் வெள்ளிப் பதக்கமே வந்தது.

இவர் எப்போதுமே இப்படித்தான். 2009-இல் குடல்வால் நோய் முற்றி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். மறு ஆண்டே பார்சிலோனாவில், கடைசி வீச்சில் 64.67 எறிந்து முதல் ஐரோப்பியப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அப்போது வயது 20. 2022 மியூனிக்கில் ஜெர்மனியின் புடென்ஸை அவர் நாட்டிலேயே வெறும் 8 செ.மீ. வித்தியாசத்தில் வென்றார். 2024 ரோமில் ஏழாவது பட்டம்.

2011-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஆறு மாதத் தடை பெற்றதும் உண்மைதான். ரசிகன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். மறு ஆண்டே லண்டனில் 69.11 எறிந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இவருடைய அதிகபட்சத் தூரம், 2017-இல் எறிந்த 71.41 மீட்டர். கிழக்கு ஜெர்மனியின் காப்ரியேலே ரைன்ஷ் 1988-இல் படைத்த 76.80 உலக சாதனை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனை மீட்டர் என்பதைவிட, எந்த நேரத்தில் எறிந்தார் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் சான்ட்ராவை மிஞ்ச ஆள் இல்லை!