பழைய டிராக்டர், புது கிளாம்ப் மீட்டர்

எங்கள் வீட்டு டிராக்டரை அப்பா எப்போதும் வாய்க்கால் கரைச் சரிவில்தான் நிறுத்துவார். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டிவிட்டு, கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். மன்னார்குடிப் பக்கம் டைனமோ வண்டி வைத்திருக்கும் பலருக்கு அந்தச் சரிவுதான் இரண்டாவது பேட்டரி.

மூன்று வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினோம். ஒவ்வொரு முறையும் கடையில் ஒரே தீர்ப்பு: “பேட்டரி போச்சு தம்பி, மாத்திடுங்க.” மூன்றாவதும் படுத்தபோது, புது பேட்டரி விலையில் பாதிகூட ஆகாத ஒரு கிளாம்ப் மீட்டரை வாங்கினேன். ஒரு குறுவை முழுக்க அது டிராக்டரோடுதான் இருந்தது.

வாங்கும்போது

முதல் முயற்சியிலேயே ஏமாற இருந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ஏ.சி. ஆம்பியரை மட்டும் அளக்கும் மீட்டர். வீட்டு மோட்டாருக்கு அது போதும். பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும். டி.சி. மின்னோட்டத்தை அளக்க, தாடைக்குள் ஹால் சென்சார் இருக்க வேண்டும். பெட்டியில் ‘டி.சி. ஆம்பியர்’ என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் எடுத்தது 600 ஆம்பியர் வரை அளக்கும்.

சாதாரண மல்டிமீட்டர் போதாதா? வோல்ட் பார்க்கப் போதும். ஆனால் அதன் ஆம்பியர் துளை தாங்குவது 10 ஆம்பியர். டீசல் டிராக்டரின் செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கில். அதில் மாட்டி செல்ஃப் அடித்தால், நல்ல நேரமாக இருந்தால் ஃபியூஸோடு போகும். கிளாம்ப் மீட்டரில் எந்த ஒயரையும் கழற்ற வேண்டாம். தாடையைத் திறந்து ஒயரைச் சுற்றி மூடினால் போதும்.

முதல் நாள்: பேட்டரி

ஒரு இரவு சும்மா விட்டுவிட்டுக் காலையில் அளந்தேன். 12.2 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து ஹைட்ரோமீட்டர். ஆறு செல்லிலும் ஆசிட் 1.180-ஐ ஒட்டியே நின்றது. செல் ஒன்று செத்திருந்தால் அது மட்டும் தனியாக இறங்கியிருக்கும். ஆறும் ஒன்றாக இறங்கினால், பேட்டரிக்கு நோயில்லை, பட்டினி.

பட்டினிக்கு எங்கள் ஊரில் பருவமும் ஒரு காரணம். தை அறுவடை முடிந்தால், மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 வரை வண்டிக்குப் பெரிய வேலை இல்லை. கோடை வெயிலில் பேட்டரி தானாகவே இறங்கும். இறங்கியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

இரண்டாம் நாள்: ஒயர்

பேட்டரியைக் கழற்றி, வெளியில் முழு சார்ஜ் ஏற்றி மாட்டினேன். அப்பா ஸ்டாப் ராடை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். என்ஜின் பற்றாமல் சுற்றியது. பேட்டரி முனையில் 10.6 வோல்ட்; செல்ஃப் மோட்டாரில் 9.3 மட்டுமே. கிளாம்ப் காட்டியது 230 ஆம்பியர். இடையில் 1.3 வோல்ட் எங்கே போனது?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் போஸ்டிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1 வோல்ட். நல்ல எர்த் என்றால் 0.2-ஐத் தாண்டக் கூடாது. எர்த் பட்டையைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பெயின்டும் துருவும். 230 ஆம்பியரும் 1 வோல்ட்டும் சேர்ந்தால் 230 வாட். மூன்று மின்விசிறி ஓடும் சக்தி அந்தத் துருவில் சூடாகிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, வாசலின் தடவியதும் 0.15-க்கு வந்தது. பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த பச்சைப் பூவைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவினேன். கழற்றும்போது முதலில் எர்த், மாட்டும்போது கடைசியில் எர்த். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பக்கத்தில் பீடியும் கூடாது.

மூன்றாம் நாள்: டைனமோ

என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட விட்டேன். சார்ஜ் ஏறினால் பேட்டரியில் 14 வோல்ட் வாக்கில் நிற்க வேண்டும். 12.4-ஐத் தாண்டவில்லை. கிளாம்ப் இன்னும் நேராகச் சொன்னது: மைனஸ் 2 ஆம்பியர். பேட்டரிக்குள் எதுவும் போகவில்லை, அதிலிருந்துதான் போகிறது.

அந்தக் கால டைனமோக்களில் ‘டி’, ‘எஃப்’ என்று இரண்டு முனை. இரண்டின் ஒயரையும் கழற்றி, முனைகளை ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்ற ஏற்ற வோல்ட்டும் ஏற வேண்டும். 20-ஐத் தொடுமுன் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஃபீல்டு காயில் வெந்துவிடும். எங்களுடையதில் பூஜ்யம். பின்மூடியைத் திறந்தால், கார்பன் பிரஷ் தேய்ந்து கூட்டுக்குள் சிக்கி நின்றது. புது கார்பன் போட்டு, கம்யூட்டேட்டரைத் துடைத்தும் உயிர் வரவில்லை. நெடுநாள் சும்மா கிடந்ததில் எஞ்சிய காந்தம் போயிருந்தது. ‘எஃப்’ முனையில் பேட்டரியின் லைவ் ஒயரை ஒரு நொடி தொட்டு எடுத்ததும் காந்தம் திரும்பியது, வோல்ட்டும் ஏறியது.

மிச்சம், டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கட்-அவுட் பெட்டி. காண்டாக்ட் கருகியிருந்தது, மெல்லிய எமரித் தாளால் தேய்த்தோம். அந்தக் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இரவெல்லாம் பேட்டரி டைனமோ வழியாக வடியும் என்பதால் அதையும் சோதித்தேன், ஒட்டவில்லை. இப்போது ஸ்டார்ட் ஆனதும் 14 ஆம்பியர் உள்ளே போகிறது. அரை மணியில் 4-க்கு இறங்குகிறது. ஆரோக்கியமான சார்ஜ் இப்படித்தான் இறங்க வேண்டும்.

மீட்டரின் குறைகள்

ஒவ்வொரு முறையும் ஜீரோ பட்டனை அழுத்த மறந்தால், ஒயரே இல்லாமல் 1 ஆம்பியர் காட்டும். மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டுபிடிக்க இது உதவாது. செல்ஃப் அடித்த முதல் நொடியின் உச்ச மின்னோட்டத்தையும் இது பிடிப்பதில்லை. எண் நிலைப்பதற்குள் உச்சம் கடந்துவிடும். கட்-அவுட் பெட்டி துடித்துத் துடித்து வேலை செய்வதால் வோல்ட் எண்ணும் குதிக்கிறது. இந்த ஒரு வேலையில் பழைய முள் மீட்டர் மேல். நடுவயலில் மத்தியான வெயிலுக்குத் திரை தெரியாது. துண்டைப் போர்த்திக்கொண்டுதான் படித்தேன்.

இன்னொரு எச்சரிக்கை

டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டலாமே என்பார்கள். ராத்திரி உழவுக்குக் கூடுதல் விளக்கு போடுபவருக்கு அது நல்லதுதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். அமெரிக்காவின் ஃபோர்டு 8என் 6 வோல்ட், அதுவும் பிளஸ் எர்த். பார்க்காமல் மாட்டினால் டயோடு அந்த நிமிடமே போகும்.

தீர்ப்பு

டைனமோ வண்டி வைத்திருப்பவர் டி.சி. கிளாம்ப் மீட்டரைத் தாராளமாக வாங்கலாம். கையில் பணம் குறைவென்றால் முதலில் ஹைட்ரோமீட்டரும் சாதாரண மல்டிமீட்டரும் போதும். எர்த் கோளாறையும் டைனமோ கோளாறையும் வோல்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். எதை வைத்துப் பார்த்தாலும் வரிசை மாறக் கூடாது: பேட்டரி, ஒயர், டைனமோ, கட்-அவுட். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, மீட்டரைத் தவிர்த்து, ஒரு ஜோடி கார்பனும் உப்புத்தாளும். பேட்டரி அதே பேட்டரிதான். வண்டி இப்போது சமதளக் கொட்டகையில் நிற்கிறது.