கல்லடியில் கடற்கன்னி பாடுகிறாள்!

பாடுகிறது! சத்தியமாகப் பாடுகிறது! வட்டக்கச்சியில், இரணைமடு வாய்க்கால் தவளைகளின் கச்சேரியோடு வளர்ந்த காது என்னுடையது. அதற்கு மட்டக்களப்பு வாவி கொடுத்த விருந்தைச் சொல்லி மாளாது.

பறுவ இரவு. கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்திய பெரியவர், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையை என் காதோடு சேர்த்துப் பிடித்தார். "கதையாமக் கேளு மனே." முதலில் பாலத்து வாகன இரைச்சல்தான். பிறகு அடியிலிருந்து ஒரு ரீங்காரம், யாரோ தந்தியைச் சுண்டிவிட்டு அடங்கவிட்டதுபோல. அது ஓய முன்னமே இன்னொன்று, கொஞ்சம் கனத்த குரலில். மயிர்க்கூச்செறிந்துவிட்டது! துடுப்பைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. பெரியவர் சிரித்தார். என்னைப் போல எத்தனை பேரைக் கண்டிருப்பார்!

பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1848இல் வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும் ஓசை என்று எழுதிவைத்தார். வழக்கு எப்படியும் போகட்டும். மட்டக்களப்பாருக்கு அது மீன்மகள். அவர்களுடைய ஊர் மீன்பாடும் தேன்நாடு.

என்னைக் கிறங்கடித்தவர் விபுலாநந்த அடிகள். காரைதீவில் பிறந்த அவர் இந்த வாவி ஓசையை நீரர மகளிரின் இசையாகவே பாடினார். பாடியதோடு விடவில்லை. சுருதிக்குக் கணக்குப் போட்டு, வழக்கொழிந்த பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம். அடுத்த மாதமே மறைந்தார். அவருடைய சமாதி இருப்பதும் இதே கல்லடி உப்போடையில்தான். அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

உலகமே கொண்டாடும் கடற்கன்னி, 1837இல் அன்டர்சன் எழுதிய டென்மார்க்காரி. பாவம், கால்கள் வாங்குவதற்காகத் தன் குரலையே கொடுத்தவள். கோபன்ஹேகனில் 1913இலிருந்து சிலையாக வாய்மூடி இருக்கிறாள். எங்கள் ஆளைப் பாருங்கள்! உருவத்தை யாருக்கும் காட்டாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். டிஸ்னி படம் எடுக்க வேண்டியது இவளை வைத்துத்தான்!

போங்கள், கட்டாயம் போங்கள். சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் ஒரு பறுவத்தைப் பார்த்து, வாகனங்கள் குறைந்த சாமத்தில் போங்கள். மோட்டார் பூட்டிய வள்ளத்தில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.