இதோ வர்றேன் சார்!

சின்ன ஆபரேஷன் ஒன்றுக்காகச் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லோடு ஒரு வழவழப்பான படிவமும் கொடுத்தார்கள். 'எங்கள் சேவை எப்படி?' என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நட்சத்திரங்கள். அறை சுத்தம், சாப்பாட்டின் சூடு, டி.வி. எல்லாம் தாண்டி ஏழாவது கேள்வி: 'நர்ஸ் உங்களிடம் கனிவாக நடந்துகொண்டாரா?'

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி, மணி இரண்டு இருக்கும். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு பாத்ரூம் போகவேண்டும். தனியாக எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவர் மகன் வெளியூர். என் மனைவியை நான்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். என் கையிலோ ட்ரிப்ஸ். பெல் அடித்தோம். 'இதோ வர்றேன் சார்!' என்று குரல் மட்டும் வந்தது. ஆள் வர இருபது நிமிஷம். அதற்குள் பெரியவர் படுக்கையை நனைத்துவிட்டு, அவமானத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா தாத்தா?" என்றார் சிஸ்டர். மிஞ்சிப்போனால் இருபத்து மூன்று வயது. குரலில் எரிச்சல். 'காசு வாங்கறீங்க இல்ல?' என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது வராந்தாக் கோடியில் இன்னொரு பெல் அடித்தது. ஷீட்டை உருவிக்கொண்டிருந்தவரின் தலை தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழாவது கேள்வியில் உள்ள கோளாறு இதுதான். கனிவை அது சுபாவம் என்று நினைக்கிறது. எரிந்து விழுகிற நர்ஸ்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். என் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறார்கள். ஆனால், அந்த ராத்திரியில் குறைந்தது சுபாவமா, ஆளா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,32,342 பேரின் கணக்கை லிண்டா எய்கன் குழுவினர் எடுத்துப் பார்த்து, 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் தலையில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடியிருந்தது. 2014-ல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் பார்த்தபோதும் அதே 7.

மரணம் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் சத்தமில்லாமல் போகிறவை வேறு. பியாட்ரிஸ் காலிஷ் என்பவர் 2006-ல் நர்ஸ்களிடமே கேட்டார், 'எதையெல்லாம் செய்யாமல் விடுகிறீர்கள்?' என்று. நோயாளியைப் பிடித்து நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, வேளைக்கு ஊட்டுவது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித் தருவது, ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது... பட்டியல் இப்படிப் போகிறது. ஊசி விட்டுப்போனால் கேஸ் ஷீட் காட்டிக்கொடுக்கும். ஆறுதல் விட்டுப்போனதை எந்த ஷீட்டில் எழுதுவது? சரியான மருந்துதான் ஏறுகிறதா என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிவதெல்லாம் முகமும் குரலும்தான். நேரமில்லாதபோது முதலில் கழற்றிவிடப்படுவது எதுவோ, அதற்குத்தான் நம்மை ஸ்டார் போடச் சொல்கிறார்கள். ஸ்டார் குறைந்தால் 'சிரிப்பது எப்படி' என்று வகுப்பு வேறு எடுப்பார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியை நடத்திய நிர்வாகம் 2006-07-ல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கக் கிளம்பி ஆட்களைக் குறைத்தது. தாகத்தில் பூ ஜாடித் தண்ணீரைக் குடித்த நோயாளிகள் பற்றியெல்லாம் செய்தி வந்தது. ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை நடத்தி, 2013-ல் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். நர்ஸ்களை அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால், ஆள் குறைப்பையும் காசுக் கணக்கையும் சேர்த்தே கூண்டில் நிறுத்தினார். சொந்தக்காரர்கள் வந்து ஊட்டிவிட்டு, துடைத்துவிட வேண்டியிருந்தது என்பது அங்கே பெரிய அவமானம்.

நம்மூரில் அதற்கு 'அட்டெண்டர் பாஸ்' என்று பெயர்! அம்மாவோ மனைவியோ கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து, ட்ரிப்ஸ் தீர்ந்ததும் ஓடிப்போய்ச் சொல்வதால்தான் நம் வார்டுகளில் ஆள் பற்றாக்குறை வெளியே தெரிவதில்லை.

போதனா ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் 5-க்கு ஒருவர் என்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சில். கேட்க நன்றாக இருக்கிறது. 30 கட்டிலுக்கு 6 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஷிப்டுக்குப் பிரியுங்கள். வார ஆஃப், நைட் ஆஃப், லீவு இதையெல்லாம் கழியுங்கள். பதிலுக்கு ஆள் போடாவிட்டால் ராத்திரிக்கு மிஞ்சுவது ஒருவர்.

கலிஃபோர்னியாவில் 1999-ல் சட்டமே போட்டு, 2004-ல் அமலாக்கினார்கள். பொது வார்டில் எந்த நேரத்திலும், நர்ஸ் சாப்பிடப் போகும் அரை மணியிலும்கூட, ஒருவர் பொறுப்பில் 6 பேருக்கு மேல் கூடாது. அடுத்த ஆண்டு அது 5 ஆகவேண்டும். அன்றைய கவர்னர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் இதைத் தள்ளிப்போடப் பார்த்தார். நர்ஸ்கள் வீதிக்கு வந்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். டெர்மினேட்டரே தோற்றார்.

இங்கே 'ஆள் கிடைக்கலை சார்' என்பார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசு ஒப்பந்த நர்ஸ்கள் போராட உட்கார்ந்தபோது அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். கிடைப்பவர்கள் எப்படி நிற்பார்கள்?

கையிலிருந்த ஊசியைக் கழற்ற அதே சிஸ்டர்தான் வந்தார். "அன்னிக்கு ராத்திரி உங்ககிட்ட எத்தனை பேஷன்ட் சிஸ்டர்?" என்றேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மனசுக்குள் எண்ணினார். "பதினாலு சார். ஒரு ஸ்டாஃப் லீவு." படிவத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஏன் சார், கம்ப்ளெயின்ட்டா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஏழாவது கேள்விக்கு எதிரே '14' என்று எழுதி கவுன்ட்டரில் நீட்டினேன். அங்கிருந்த பெண் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், அஞ்சுக்குள்ளதான் போடணும்."