குத்துக்கு அடுத்த விநாடி

கூண்டுச் சண்டையைப் படமெடுப்பது லேசில்லை. 1993-ல் டென்வரில் தொடங்கிய யுஎஃப்சி-யின் எண்கோணக் கூண்டைச் சுற்றிக் கம்பி வலை. ஆட்டோஃபோகஸ் ஆளை விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொள்ளும். விவரமானவர்கள் 24-70 லென்ஸை வலையோடு ஒட்டி, அப்பர்ச்சரை எஃப் 2.8-க்குத் திறந்துவிடுவார்கள். கம்பி கரைந்துபோகும். ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்கினால் குத்து கலங்கிவிடும். அதற்காக ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் படத்தில் கொஞ்சம் மணல் தூவும். பரவாயில்லை.

இத்தனையும் சரியாகச் செய்த படங்கள் ஏன் அலுக்கின்றன? எல்லாமே அடி விழும் கணம். கோணிய வாய், தெறிக்கும் வியர்வை. பத்து பார்த்தால் பதினோராவது வேண்டாம். அடி தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

நீல் லீஃபரின் படத்தைப் பாருங்கள். 1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரம். முதல் ரவுண்டிலேயே சோனி லிஸ்டன் மல்லாந்து கிடக்க, முகமது அலி நின்று கத்துகிறார். 22 வயது லீஃபரிடம் ஒரு ரோலிஃப்ளெக்ஸ். ஃப்ளாஷ் விளக்குகள் மறுபடி சார்ஜ் ஆக நேரம் பிடிக்கும். சரமாரியாகச் சுட முடியாது. படத்தில் குத்தே இல்லை. அது முடிந்துவிட்டது. ஜெயித்தவனின் கோபமும் தோற்றவனின் உடம்பும்தான் மிச்சம். அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து போட்டோகிராபர் தெரிகிறார், பாவம். அவருக்கு வாய்த்தது அலியின் முதுகு!

அதிர்ஷ்டம் என்பீர்கள். உட்கார்ந்த இடம் அதிர்ஷ்டம்தான், காத்திருந்தது அல்ல.

விநாடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குத்து விழுந்ததும் திரையைப் பார்க்கக் குனியாதீர்கள். நிஜப் படம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.