உறைந்த விதையும் உழவர் வயலும்

டெல்லி பூசா வளாகத்தில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. நெல் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். விதையை நன்றாக உலர்த்தி, அலுமினியத் தாள் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். பல பத்தாண்டுகளுக்கு முளைப்புத்திறன் நிலைத்திருக்கும். இந்த வேலையில் குறை சொல்ல அதிகமில்லை.

பயனற்றதாகத் தோன்றும் விதையையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஐ.ஆர். 36 என்ற நெல் ரகம் பதில் சொல்லும். 1970களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ், ஆசிய நெற்பயிரைப் புல்போலக் குட்டையாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில். வயலில் களையென்று பிடுங்கி எறியப்படும் இனம் அது! அதன் எதிர்ப்புச் சக்தியைப் பெற்று வந்ததுதான் ஐ.ஆர். 36. சேகரித்த நாளில் அந்தக் காட்டு நெல்லின் மதிப்பு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் அந்தக் கதையின் பாதிப் பெருமை, சலிக்காமல் சோதித்ததற்கு உரியது. நம் வங்கி பலவீனப்படுவது இங்கேதான். சுமார் 22,000 கோதுமை மாதிரிகளை மொத்தமாக வயலில் விதைத்து ஆராய்ந்தது நல்ல முன்மாதிரி. எல்லாப் பயிருக்கும் அது நடக்கவில்லை. குணம் அறியாத விதை, பரணில் ஏற்றிய பித்தளைப் பாத்திரம்தான். எந்த ஊர், யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்ற விவரம் இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. உழவர்கள் காத்த ரகத்திலிருந்து புதிய ரகம் உருவானால் பலனில் அவர்களுக்கும் பங்குண்டு என்கிறது 2001ஆம் ஆண்டுச் சட்டம். மூலம் தெரியாத விதைக்கு யார் போய்ப் பங்கு கேட்பது?

இயல்பான எல்லைகளும் உண்டு. மா, பலா, தென்னை விதைகளை இப்படி உலர்த்தினால் செத்துவிடும். அவற்றுக்குத் தோப்புதான் வங்கி. தவிர, உறைந்த விதை மாறுவதில்லை. வெளியே பூச்சியும் மழையும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

வயலில் காப்பதற்கு உழவர் நெல் ஜெயராமன் காட்டிய வழி இருக்கிறது. 2 கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாட்டில் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டன. அதைக் குறையற்றதென்று கொண்டாட மாட்டேன். பக்கத்து ரகத்தோடு விதை கலக்கலாம், பெயர் குழம்பலாம், ஒரு வறட்சியில் எல்லாம் போகலாம். வங்கியின் பலம் அங்கே இல்லை. வயலின் உயிர்ப்பு வங்கியில் இல்லை.

2025-26 மத்திய பட்ஜெட், 10 லட்சம் மாதிரிகளுக்கான இரண்டாவது மரபணு வங்கியை அறிவித்தது. இடத்தைப் பெருக்குவது எளிது. இருப்பதைச் சோதிக்கவும், கேட்கும் உழவர் குழுவுக்கு அவர்கள் வட்டாரத்து விதையைத் திருப்பித் தரவும் அதே அளவு பணமும் ஆளும் ஒதுக்காவிட்டால், புதிய வங்கி வெறும் பெரிய கிடங்காகவே இருக்கும்.