137ஆம் மேசை: நகர வாழ்வைச் சொன்ன மௌனப்படங்கள்

மௌனப்படக் காலத்தின் கடைசிப் பத்தாண்டில் பெர்லின், நியூயார்க், மாஸ்கோ, பாரிஸ், டோக்கியோ என்று வெவ்வேறு இடங்களில் இயக்குநர்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் விட்டு, வாடகை வீட்டில் குடியிருந்து சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதர்கள் பக்கம் காமிராவைத் திருப்பினார்கள். இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். காமிரா எப்படி நகர்ந்தது, படத்தொகுப்பு எவ்வளவு வேகம், எழுத்தட்டை எத்தனை குறைவு என்பவையே அவர்களுக்கு அளவுகோல். அது போதாது என்பது என் துணிபு. சாதாரண மனிதன் ஒருவனைக் கதைக்குள் அழைத்து வந்த பிறகு, படம் முடிவதற்குள் அவனை என்ன செய்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அவனைத் திடீர்ப் பணக்காரனாக்கித் தப்பவிடலாம். ஒரு கொள்கைக்குச் சான்றாக நிறுத்தலாம். கூட்டத்தில் ஒரு புள்ளியாகக் கரைத்துவிடலாம். மூன்றும் எளிய வழிகள். கடைசிவரை அவனைச் சாதாரணமானவனாகவே விட்டுவைத்து, அப்போதும் நம் முழுக் கவனத்துக்கும் அவன் உரியவன் என்று நம்மை ஒப்புக்கொள்ளச் செய்வது கடினம். அந்தக் கடினத்தை எந்தப் படம் ஏற்றது என்று கேட்டால், கிங் விடார் இயக்கத்தில் 1928இல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘தி கிரவுட்’ முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

பெர்லினிலிருந்து தொடங்குவதே முறை. எஃப். டபிள்யூ. முர்னாவின் ‘கடைசி மனிதன்’ 1924இல் வந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாயிற்காப்பாளர், வயதாகிவிட்டது என்பதற்காகக் கழிவறைப் பணியாளராக இறக்கப்படுகிறார். அவருடைய மானம் முழுவதும் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையில் இருந்தது. அது பறிபோனதும் அண்டை அயலார் சிரிக்கிறார்கள், முதுகு கூனிவிடுகிறது. கார்ல் ஃப்ராய்ண்டின் ஒளிப்பதிவில் காமிரா அந்தக் கிழவரின் மயக்கத்தையும் அவமானத்தையும் தன் அசைவாலேயே சொல்லிவிடுகிறது. கதை ஏறக்குறைய முடியும்வரை எழுத்தட்டை தேவைப்படவே இல்லை. எமில் யானிங்ஸின் நடிப்பு பெரியது. ஆனால் முடிவைப் பாருங்கள். கோடீஸ்வரர் ஒருவர் அந்தக் கழிவறையில் இறந்துபோக, அவர் சொத்து முழுதும் இவருக்கு வந்துவிடுகிறது. வாழ்க்கையில் இப்படி நடக்காது என்று படமே எழுத்தட்டை போட்டு ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தும் கழிவறையில் துண்டை நீட்டிக்கொண்டு நின்றவரை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போகப் பார்வையாளருக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே நகரம் இதற்கு நேர்மாறான போக்கு ஒன்றையும் வளர்த்தது. வால்டர் ருட்மனின் ‘பெர்லின்: மாநகரத்தின் சிம்பொனி’ 1927ஆம் ஆண்டுப் படம். அதிகாலை ரயிலில் தொடங்கி இரவு விளக்குகள்வரை ஒருநாள் நகரத்தை ஐந்து பகுதிகளாக அடுக்கித் தரும் அதில் கதாபாத்திரம் என்று எவரும் கிடையாது. தாளத்துக்காக அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதில் ஓர் இடம் மட்டும் என் வாதத்துக்கு வேண்டும்: ஒரு பெண் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்று வெறித்துப் பார்க்கிறாள், தண்ணீரில் குதிக்கிறாள், கூட்டம் எட்டிப் பார்க்கிறது, படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. நகரத்தின் இரக்கமின்மையைத்தான் ருட்மன் காட்டினார் என்று அவர் சார்பில் சொல்லலாம். காட்டுவதோடு நில்லாமல் அந்த இரக்கமின்மையைப் படமும் சேர்ந்து செய்கிறது. தாளம் தவறாமலிருக்க அவள் ஓர் அடி, அவ்வளவுதான். இதற்கு பெர்லினே பின்னர் ஒரு மறுமொழி தந்தது. 1930இல் ராபர்ட் சியோட்மாக்கும் எட்கர் உல்மரும் எடுத்த, பில்லி வைல்டர் எழுதுவதில் பங்குகொண்ட ‘ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்’ படத்தில் ஒரு டாக்சி ஓட்டுநர், ஒரு மது வியாபாரி, இசைத்தட்டுக் கடைப் பெண் என்று தொழில்முறை நடிகர்களாக இல்லாதவர்கள் தங்கள் சொந்தத் தொழிலோடே வருகிறார்கள். ஏரிக்கரைக்குப் போகிறார்கள், குளிக்கிறார்கள், கொஞ்சம் காதல், கொஞ்சம் ஏமாற்றம். ஒருத்தி அந்த ஞாயிறு முழுவதையும் தூங்கியே கழிக்கிறாள். திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். யாரையும் உயர்த்தவில்லை, யாரையும் தொலைக்கவில்லை. ஆனால் அது விடுமுறை நாளின் படம். வேலை நாளின் பாரம் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது.

மாஸ்கோவும் பாரிஸும் வேறு வகைப் படங்களைக் கொடுத்தன. ஆப்ரம் ரூம் 1927இல் எடுத்த ‘கட்டிலும் சோபாவும்’ மாஸ்கோவின் வீட்டுப் பஞ்சத்தையே கதையாக்கியது. ஒரே அறைக் குடித்தனத்தில் கணவன், மனைவி. தங்க இடமில்லாத நண்பன் சோபாவில் படுக்க வருகிறான். பிறகு கணவன் சோபாவுக்கும் நண்பன் கட்டிலுக்கும் மாறிக்கொள்கிறார்கள். கருவுற்ற லியூதா இருவரையும் விட்டு ரயிலேறிப் போகிறாள். அந்த நெருக்கடியான அறையின் தட்டுமுட்டுச் சாமான்களைக் காட்டியதில் இதற்கு இணை குறைவு. முடிவில் மட்டும் லியூதா ஒரு புதிய பெண்ணின் அறிவிப்பாக மாறிவிடுகிறாள். பாரிஸில் திமித்ரி கிர்சனாஃப் 1926இல் எடுத்த ‘மெனில்மோந்தான்’ எழுத்தட்டையே இல்லாதது. கைக்குழந்தையோடு குளிரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் தன் ரொட்டியையும் இறைச்சியையும் பேசாமல் நகர்த்தி வைக்கும் காட்சி, இந்த மரபின் மிக உயர்ந்த கணங்களில் ஒன்று. கதை கோடரிக் கொலையில் தொடங்கிக் கொலையிலேயே முடிவதால் அதை முழுமையாக அன்றாட வாழ்வின் படம் என்று கொள்ள முடியவில்லை.

இனி நியூயார்க். ‘தி பிக் பரேட்’ 1925இல் பெருவெற்றி பெற்றதால்தான் விடாருக்கு இப்படியொரு படத்தை எடுக்க ஸ்டுடியோ இடம் கொடுத்தது. நாயகன் ஜான் சிம்ஸ் 1900 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர நாளில் பிறந்தவன். பெரிய ஆளாக வருவான் என்று தகப்பன் நம்புகிறார். அவனுடைய பன்னிரண்டாம் வயதில் அந்தத் தகப்பன் இறந்துவிட, சிறுவன் நீண்ட மாடிப்படியில் தனியாக ஏறி வருகிறான். அவன் பின்னால் கீழே ஊரே திரண்டு நிற்கிறது. இருபத்தொன்றில் நியூயார்க் வருகிறான். அடுத்து வரும் ஷாட்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். காமிரா ஒரு வானளாவிய கட்டடத்தின் மேல் ஊர்ந்து ஏறி, ஒரு ஜன்னல் வழியே உள்ளே புகுந்து, வரிசை வரிசையாகப் போட்ட நூற்றுக்கணக்கான மேசைகளைக் கடந்து, 137 என்ற எண்ணிட்ட மேசையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கணக்கெழுதும் ஜானிடம் வந்து நிற்கிறது. கட்டடத்தின் மாதிரியை ஸ்டுடியோ தரையில் படுக்கவைத்து அதன் மேல் காமிராவை ஓட்டி எடுத்த தந்திரம் அது. அந்த ஷாட் உண்மையில் எதைச் செய்கிறது என்று பார்த்தால் தந்திரம் சிறிதாகிவிடும். கூட்டத்தைக் காட்டிவிட்டு அதில் கரைந்துபோகாமல், ஓர் ஆளைத் தேடிக்கொண்டு போகிறது. அவனிடம் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் மேசை மற்ற மேசைகளைப் போலத்தான் இருக்கிறது. அவன் செய்வதும் மற்றவர்கள் செய்வதுதான். எண்ணும் முகமும் ஒரே சட்டத்துக்குள். ருட்மனிடம் எண் மட்டும் இருந்தது, முர்னாவிடம் முகம் மட்டும் இருந்தது.

விடார் இந்தக் கணக்கைப் படம் முழுவதும் விடாமல் போடுகிறார். வேலை முடிந்து கைகழுவும் இடத்தில் எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொல்கிறார்கள். கோனி ஐலண்டில் ஜானும் அவன் மணக்கப்போகும் மேரியும் காதலிக்கும்போது சுற்றிலும் ஆயிரம் ஜோடிகள். பிரசவ வார்டில் மேரியின் கட்டில் எண்ணற்ற கட்டில்களின் நடுவே. உயர்மட்ட ரயில் ஜன்னலுக்கு வெளியே தடதடக்கும் சிறு குடியிருப்பில், சுவருக்குள் மடித்து வைக்கும் கட்டிலும் மூடாத கதவும் ஒழுகும் கழிப்பறைத் தொட்டியும் அவர்கள் சண்டைக்குக் காரணமாகின்றன. ஐந்தாண்டில் ஒரு பெண் குழந்தையும் எட்டு டாலர் சம்பள உயர்வும் வந்தன என்று படம் ஒரே எழுத்தட்டையில் இரண்டையும் அருகருகே வைக்கிறது. குடும்பக் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது என்பது எந்த ஊர்ச் சம்பளக்காரருக்கும் தெரியும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவையும்கூட. ஜான் சோம்பேறி, பகற்கனவுக்காரன், அவன் வீழ்ச்சிக்கு அவனே பொறுப்பு, நகரத்தின் மேல் பழிபோட முடியாது என்பது ஒன்று. அவன் குறைகள் மெய்தான். மேசையில் கணக்கு எழுதவேண்டிய நேரத்தில் விளம்பர வாசகம் எழுதிப் பார்க்கிறான். மனைவியின் சகோதரர்கள் முன் வீம்பு பேசுகிறான். குறையற்ற நல்லவனுக்கு நேரும் அநியாயத்தைக் கண்டு இரங்குவது சுலபம். குறையுள்ளவனுக்கு இரங்க வைப்பதில்தான் கலைஞனுக்குச் சோதனை. அவன் கனவும் அவனாகக் கண்டதில்லை. பெரிய ஆளாவாய் என்று பிறந்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லி வளர்த்தார்கள். இன்னொரு வாதம், மகளின் சாவு மலிவான உருக்கம் என்பது. ஜான் எழுதிய விளம்பர வாசகங்களில் ஒன்றுக்கு 500 டாலர் பரிசு கிடைக்கிறது. வாங்கிவந்த பொம்மைகளை ஜன்னலிலிருந்து காட்டிப் பெற்றோர் குழந்தைகளை அழைக்க, தெருவைக் கடந்து ஓடிவரும் மகள் லாரியில் அடிபடுகிறாள். முர்னாவின் கிழவரைக் காப்பாற்றிய அதே அதிர்ஷ்டம் இங்கே வீட்டுக்குள் வந்து மகளை எடுத்துப்போகிறது. இதை உருக்கத்துக்காகச் செய்த திருப்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. குழந்தை உயிருக்குப் போராடும்போது தெருவில் இறங்கி, சத்தம் போடாதீர்கள் என்று கையை விரித்துப் பெருங்கூட்டத்தை எதிர்த்து நடக்கிறான் ஜான். உன் குழந்தைக்கு நோய் என்பதற்காக உலகம் நிற்காது என்ற பொருளில் போலீஸ்காரர் சொல்லி அனுப்புகிறார். இந்தக் காட்சி மௌனப்படத்தில் மட்டுமே இத்தனை வலுவோடு நிற்கும். நமக்குக் கேட்காத இரைச்சலை அவன் அடக்கப் பார்க்கிறான். கேட்காததாலேயே அதன் அளவுக்கு எல்லையில்லாமல் போகிறது. பேச்சில்லாதது இந்தப் படங்களின் குறை என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

பிறகு வேலையை விட்டு, வீடு வீடாகச் சாமான் விற்று, எதிலும் நிலைக்காமல் ரயில் பாலத்தின் மேல் சாக நிற்கிறான். ருட்மன் நகர்ந்துபோன இடத்தில் விடார் நிற்கிறார். பக்கத்தில் மகன் இருக்கிறான்; வளர்ந்தால் உன்னைப்போல் இருக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொல்ல, ஜான் திரும்பி நடக்கிறான். கிடைக்கும் வேலை, கோமாளி வேஷத்தில் விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு தெருவில் பந்து வீசிப் பிடிப்பது. படத்தின் தொடக்கத்தில் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து அவன் கேலி செய்த அதே வேலை. கடைசிக் காட்சியில் குடும்பம் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து சிரிக்கிறது. காமிரா பின்வாங்கப் பின்வாங்க, சிரிக்கும் ஆயிரம் முகங்களில் அவர்கள் ஒன்றாகிவிடுகிறார்கள். இது சரணாகதி, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறது என்று இடதுசாரிகள் குறைகூறுவது புரிகிறது. ஜானைப் போன்றவர்கள் ஒன்றுசேர்ந்து ஏதும் செய்ய முடியும் என்ற நினைப்பே இந்தப் படத்தில் இல்லை. அது உண்மையான குறை. விடார் 1934இல் ‘அவர் டெய்லி பிரெட்’ படத்தில் ஜான், மேரி என்ற அதே பெயர்களோடு ஒரு கூட்டுப் பண்ணையைக் கட்டிப் பார்த்தார். அதில் தீர்வு உண்டு, ஆனால் மனிதர்கள் மெலிந்துபோனார்கள். முதல் படத்தின் முடிவில் ஜானுக்குக் கிடைத்தது பக்கத்து இருக்கைக்காரர் ஒருவரின் சிரிப்பும், தன் விளம்பர வாசகம் அச்சான நிகழ்ச்சித்தாளும்தான். அதைப் பெரிதாக்கவும் இல்லை, பொய்யாக்கவும் இல்லை. எம்.ஜி.எம். திருப்தியடையாமல் பல முடிவுகளைப் படமாக்கச் செய்தது. கிறிஸ்துமஸ் மரத்தடியில் செல்வமாக முடியும் ஒன்றும் கொட்டகைக்காரர்களுக்கு அனுப்பப்பட்டது. அது மறக்கப்பட்டது நியாயம்.

டோக்கியோவை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம், விடாருக்கு இணையாக நிற்கக்கூடியது அந்தப் போக்கு ஒன்றுதான். ஷோச்சிகு நிறுவனத்தின் காமாதா ஸ்டுடியோ, சம்பளக்காரக் குடும்பங்களின் கதைகளைத் தன் தனி வகையாகவே வளர்த்தது. அங்கே யசுஜிரோ ஓசு 1931இல் எடுத்த ‘டோக்கியோ கோரஸ்’ படத்தின் நாயகனும் காப்பீட்டு நிறுவனக் குமாஸ்தா. போனஸ் நாளில் ஒவ்வொருவராகக் கழிவறைக்குப் போய் ஒளித்துப் பணத்தை எண்ணிப் பார்க்கிறார்கள். அநியாயமாக நீக்கப்பட்ட வயதான ஊழியருக்காகப் பரிந்து பேசி இவனும் வேலையை இழக்கிறான். மகளின் மருத்துவச் செலவுக்கு மனைவியின் கிமோனோக்கள் விற்கப்படுகின்றன. காலியான பெட்டியை அவள் திறந்து பார்த்த பிறகும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குழந்தைகளோடு கைதட்டி விளையாட வேண்டியிருக்கிறது. பிறகு பழைய ஆசிரியரின் சாப்பாட்டுக் கடைக்காகத் தெருவில் விளம்பரக் கொடி பிடிக்கிறான். டிராமிலிருந்து மனைவி பார்த்துவிடுகிறாள். அடுத்த ஆண்டு வந்த ‘நான் பிறந்தேன், ஆனால்...’ இன்னும் கூர்மையானது. முதலாளி வீட்டில் திரையிட்ட சொந்தப் படத்தில் தகப்பன் கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பதைக் கண்டு, இரண்டு சிறுவர்கள் வெட்கத்தால் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். மறுநாள் சோற்றுருண்டையைத் தின்றுவிட்டு, முதலாளியின் காரைப் பார்த்துப் போய் வணங்கும்படி அவர்களே அப்பாவை அனுப்புகிறார்கள். ஜானின் மகன் அறியாமல் நம்பினான். ஓசுவின் பிள்ளைகள் அறிந்தே மன்னிக்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் ஓசு விடாரைத் தாண்டிவிட்டார் என்றே சொல்வேன்.

1929இல் நடந்த முதல் அகாடமி விருது விழாவில், அந்த ஓராண்டு மட்டும் வழங்கப்பட்ட கலைத்தன்மைக்கான தனிப்பரிசு ‘தி கிரவுட்’டுக்குக் கிடைக்கவில்லை, முர்னாவின் ‘சன்ரைஸ்’ வென்றது. துணை நடிகர் கூட்டத்திலிருந்து விடார் கண்டெடுத்த ஜேம்ஸ் மரே, ஜானாக நடித்தவர், 1936இல் ஹட்சன் ஆற்றில் விழுந்து முப்பத்தைந்து வயதில் இறந்தார். அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989இல் தன் முதல் இருபத்தைந்து படங்களில் ‘தி கிரவுட்’டையும் சேர்த்தது. திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மௌனப்பட வரிசை போடும்போது, ‘தி கிரவுட்’டையும் ‘டோக்கியோ கோரஸ்’ஸையும் அடுத்தடுத்த நாட்களில், வெட்டில்லாமல், சரியான வேகத்தில் திரையிடுங்கள். இரண்டு காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு, மற்ற படங்களை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது.